டொக்டர் வரும்வரை உயிரோடிருந்தவர்

"அழவேண்டாமெண்டு அவவுக்குச் சொல்லும். அந்தாள் இன்னும் சாகேல்லை."

"சாகாத ஆளையே குளிப்பாட்டி, கோட்டுப் போட்டு, கையிலை செபமாலையும் குடுத்துக் கிடத்தி வைச்சிருக்கிறம்?"

"நான் கிடத்தேல்லை. நீர் கிடத்தினீர். நான் அப்ப ரெலிபோனிலை நிண்டனான்."

"ஓமோம். செத்திட்டார் செத்திட்டாரெண்டு அரைவாசி உலகத்துக்குச் சொல்லிக்கொண்டு நிண்டனீங்கள்."

"அது எங்கடை ஆக்களுக்குச் சொன்னது. இது இத்தாலி. இஞ்சை மிஸ்ஸிமார் சொல்லி ஒருத்தரும் சாகேலாது. டொக்டர் வந்து சொல்லவேணும். அதுவரைக்கும் சட்டப்படி அந்தாள் உயிரோடைதான் இருக்குது."

சட்டம் பேசியவர் சுவாம்பிள்ளை. பலேர்மோவில் பத்துத் தமிழர் ஒன்றுகூடினால் பதினோராவது ஆளாக வந்து தலைமை தாங்குகிறவர். ஊரில் கோயில் மூப்பராக இருந்தவர். இங்கே ஓர் அவ்வொகாத்தோவின் கந்தோரைக் கூட்டித் துடைக்கிறார். சட்டத்தரணியின் குப்பைக் கூடையை வருடக்கணக்காகக் கொட்டியதில் இத்தாலியச் சட்டம் முழுவதும் தன் விரல்களில் ஒட்டிக்கொண்டுவிட்டது என்பது அவருடைய நம்பிக்கை. சங்கக் கூட்டங்களில் அந்த விரல்களை ஆட்டித்தான் பேசுவார்.

அவருக்கு எதிரே குசினி வாசலில் சாய்ந்துகொண்டு நின்றவள் செலஸ்ரீனா. மன்னாரில் தாதியாக இருந்தவள். இங்கே ஒரு பணக்காரக் கிழவியின் வீட்டில் வேலை. கிழவி அவளைத் 'தீனா' என்று கூப்பிடுவாள். இந்தக் கட்டடத்தின் படிக்கட்டுகளில் மட்டும் அவள் இன்னும் மிஸ்ஸி. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றாலும், வேலைக்குப் போன பெண்ணின் கையில் அசிட் பட்டாலும், 'மிஸ்ஸியைக் கூப்பிடு' என்பார்கள். அவள் வந்து, பார்த்து, ஏசிவிட்டு, செய்யவேண்டியதைச் செய்துவிட்டுப் போவாள். ஏச்சில்லாமல் அவள் கை வைத்தால் சுகம் வராது என்று ஒரு பேச்சு.

இன்று காலை கூப்பிட்டவள் றோசமலர். அவளுடைய புருஷன் ஸ்ரனிஸ்லாஸ், வுச்சீரியாச் சந்தையை ஒட்டிய ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவர், சனிக்கிழமை வேலைக்குப் போகக் கட்டில் விளிம்பில் இருந்து சப்பாத்துப் போட்டார். ஒரு கால் முடிந்தது. மற்றக் காலுக்குக் குனிந்தவர் அப்படியே பின்னால் சாய்ந்தார். அசதியில் சாய்ந்தார் என்று நினைத்து, றோசமலர் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோப்பி வடித்தாள். வடித்து முடித்துத் திரும்பியபோதுதான் அவருடைய வாய் திறந்திருந்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

கீழ்மாடியிலிருந்து செலஸ்ரீனா வந்தாள். பார்த்தாள். "முடிஞ்சுது, பிள்ளை," என்றாள்.

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் ஸ்ரனிஸ்லாஸ் செத்துவிட்டார். டொக்டரைக் கூப்பிடவேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்? மன்னாரில் சண்டை தொடங்கி டொக்டர்மார் கிடைத்த வள்ளத்தில் ஏறிப் போனபிறகு, சாவென்றால் மிஸ்ஸி வந்து சொல்வதுதான். அவள் சொன்னதும் பெண்கள் குழறுவார்கள், ஆண்கள் பெட்டிக்குப் போவார்கள். செலஸ்ரீனா முதலில் சொன்னபோது இரண்டு தரம் நாடி பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். பிறகு பழகிவிட்டது. கடைசி வருடத்தில், படுக்கைகள் போதாமல் ஆஸ்பத்திரி நடையில் ஆட்களைக் கிடத்தியிருந்தபோது, அவள் நடந்துகொண்டே சொல்வாள்.

ஆகவே வழக்கப்படி எல்லாம் நடந்தது. குளிப்பாட்டினார்கள். கலியாணக் கோட்டை எடுத்தார்கள். அது இப்போது அவருக்கு அளவில்லாததால் முதுகுப் பக்கம் வெட்டி மாட்டினார்கள். பெருவிரல்களைக் கட்டினார்கள். தலைமாட்டில் மெழுகுதிரி வைத்துச் செபமாலையைத் தொடங்கினார்கள். கீழ்வீட்டு மொரீசியஸ்காரி வனேசாவின் ரெலிபோனைப் பிடித்துக்கொண்டு சுவாம்பிள்ளை பாரிசுக்கும் லண்டனுக்கும் கொழும்புக்கும் அறிவித்தார். செத்தவருடைய வயதை ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாருக்கும் சொல்லி முடித்துக் கடைசியாகப் பங்குச் சுவாமிக்கு எடுத்தார். இத்தாலியச் சுவாமி ஒரு கேள்விதான் கேட்டார்: டொக்டர் பார்த்தாரா?

சுவாம்பிள்ளை ரெலிபோனை வைத்துவிட்டு வந்தபோது, அறைக்குள் கிடந்தவரைவிட அவருடைய முகம்தான் வெளிறியிருந்தது.

"அவசர டொக்டருக்கு அடிச்சிட்டன். வந்துகொண்டிருக்கிறார்," என்றார். "அவர் வரேக்கை இது செத்தவீடு மாதிரி இருக்கக்கூடாது."

பிறகு நடந்ததைப் பார்த்துச் செலஸ்ரீனாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூடாத இடத்தில் வரும் சிரிப்பு தொண்டையில் புளிக்கும். சுவாம்பிள்ளை மெழுகுதிரியை ஊதி அணைத்தார். செபமாலையை மூன்றாவது பத்துமணியின் நடுவில் நிறுத்தினார். படிக்கட்டில் நின்றவர்களைத் தெருவுக்கு இறக்கினார். செபத்துக்காகச் சாத்திய யன்னலை மறுபடி திறந்துவிட்டார். கீழே சந்தையில் மீன்காரன் குழறுவது உள்ளே வந்தது. அதுவே வீட்டில் உயிர் இருப்பதற்கு அத்தாட்சி என்பதுபோல அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கட்டிலடியில் இருந்த றோசமலரிடம், "தங்கச்சி, கொஞ்ச நேரத்துக்கு அழாதையும். இப்ப அழுதா அது சட்டத்துக்கு விரோதம்," என்றார்.

றோசமலர் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, பாவம், உண்மையாகவே அழுகையை நிறுத்தினாள். பயந்த சனம் எதையும் நிறுத்தும்.

"மிஸ்ஸி, கோட்டைக் கழட்டிப்போட்டுப் பைஜாமாவை மாட்டிவிட்டா என்ன?"

"மாட்டுங்கோவன். கை மடங்காது. நீங்கள் மூப்பர்தானே, ஒரு செபம் சொல்லி மடக்கிப் பாருங்கோ."

"பகிடி விடாதையும். டொக்டருக்குச் சமுசயம் வந்தா என்ன செய்வினம் தெரியுமோ? கொண்டுபோய் வெட்டிப் பாப்பினம்."

அந்தச் சொல்லை றோசமலர் கேட்டுவிட்டாள். எழுந்து வந்து செலஸ்ரீனாவின் கையைப் பிடித்தாள். றோசமலரின் தம்பியை ஆமி சுட்டபிறகு ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பிக் கொடுத்தார்கள். நெஞ்சிலிருந்து அடிவயிறுவரை சாக்குத் தையல் போட்டிருந்தது. அந்தத் தையலை அவள்தான் குளிப்பாட்டினாள்.

"வெட்ட விட்டிடாதேங்கோ அக்கா. வேறை ஒண்டும் வேண்டாம் எனக்கு. அவரை வெட்டாமல் தாங்கோ."

"ஒருத்தரும் வெட்டமாட்டினம். நான் இருக்கிறன்."

"நீர் இருக்கக்கூடாது," என்றார் சுவாம்பிள்ளை. அவளைக் குசினிக்குள் தள்ளாத குறையாகக் கூட்டிப்போய்க் குரலைத் தணித்தார். "உம்மடை பெர்மெஸ்ஸோ குவெஸ்தூராப் பொலிசிலை கிடக்குது. வீட்டுவேலைக்காரி எண்டு எழுதிக் குடுத்திருக்கிறீர். இப்ப நான் தாதி, நான்தான் பாத்துச் சொன்னனானெண்டு அந்தாளுக்கு முன்னாலை வாயைத் திறந்தீரெண்டா, பதிவில்லாமல் தொழில் செய்ததெண்டு வழக்கு. எங்கடை அவ்வொகாத்தோ உதுக்கு மறியல், உள்ளை தள்ளுவினமெண்டு சொன்னவர். பிறகு உம்மடை மகளை எப்பிடிக் கூப்பிடுவீர்?"

செலஸ்ரீனாவின் மகள் றம்யா மடுவில் அகதி முகாமில் சின்னம்மாவோடு இருந்தாள். தாயைப் பிரிந்தபோது பல் விழுந்துகொண்டிருந்த பிள்ளை. இப்போது அனுப்பும் படத்தில் சேலை உடுத்தியிருந்தாள். பெர்மெஸ்ஸோ என்ற அந்த வதிவிட அனுமதி வந்தால் கூப்பிடலாம், வராவிட்டால் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சுவாம்பிள்ளை போன்ற ஆட்களிடம் செலஸ்ரீனாவுக்கு மிகவும் வெறுப்பான விஷயம் இதுதான்: ஆயிரம் அலட்டலுக்கு நடுவில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

அவள் குசினியிலேயே நின்றாள். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தாள். நன்றாயிருக்கிறது மிஸ்ஸி, என்று தனக்குத்தானே சொன்னாள். ஷெல்லுக்கு ஒளித்த காலம் போய், இப்போது தெர்மாமீற்றர் வைத்திருக்கும் ஒரு பொடியனுக்கு ஒளிக்கிறாய்.

டொக்டர் உண்மையாகவே பொடியன்தான். கம்மராத்தா என்று பெயர் சொன்னார். நாலு மாடி ஏறிவந்த மூச்சிரைப்போடு, மோட்டார் சைக்கிள் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். தலைமயிர் தொப்பிக்குள் நசிந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. இறைவன் இவருடைய வாயில்தான் சாவையும் பிறப்பையும் ஒப்படைத்திருக்கிறான், என்று குசினிக் கதவின் நீக்கலால் பார்த்துச் செலஸ்ரீனா உதட்டைச் சுழித்தாள்.

சுவாம்பிள்ளை இடுப்பை வளைத்து வணங்கி அவரை உள்ளே கூட்டிப்போனார். கழுத்துவரை போர்வை இழுத்து மூடியிருந்தது. கோட்டும் செபமாலையும் கட்டிய விரல்களும் அதற்குள் மறைந்திருந்தன. முகம் மட்டும் வெளியே. அந்த முகத்தை அவ்வளவு பேரும் மாறி மாறிப் பார்த்திருந்தார்கள். எதையெல்லாம் மறைக்கவேண்டும் என்று சுவாம்பிள்ளை தலையைப் போட்டு உடைத்திருந்தார். ஆனால் மூக்குத் துவாரங்களிலும் உதடுகளுக்கிடையிலும் அடைத்திருந்த பஞ்சை ஒருவரும் காணவில்லை. செத்த முகத்தில் பஞ்சு இருப்பது மீசை இருப்பதுபோல. அதை யார் தனியாகக் கவனிப்பார்கள்?

டொக்டர் அதைத்தான் முதலில் கண்டார்.

"எப்போது இறந்தார்?" என்று இத்தாலியனில் கேட்டார்.

"இறக்கவில்லை, டொக்டர்," என்றார் சுவாம்பிள்ளை பணிவாக. "நீங்கள் சொல்லாமல் எப்படி இறப்பார்? எங்களுக்குச் சட்டம் தெரியும்."

டொக்டர் அவரை உற்றுப் பார்த்தார். தன்னை நையாண்டி பண்ணுகிறார்களோ என்று தோன்றியிருக்கவேண்டும். பையைத் திறந்து ஒரு குறடு எடுத்து, இடது மூக்கிலிருந்து பஞ்சை இழுத்தார். அது வந்தது, வந்துகொண்டேயிருந்தது. செலஸ்ரீனா வேலை செய்தால் முழுதாகச் செய்கிறவள்.

"அப்படியென்றால், உயிரோடிருந்த மனிதனுக்கா மூக்கையும் வாயையும் அடைத்தீர்கள்?"

சுவாம்பிள்ளையின் விரல்கள் முதல்தடவையாகச் சும்மா தொங்கின.

"புரிகிறதா நான் சொல்வது?" டொக்டர் தன் மூக்கை இரண்டு விரலால் பொத்தினார். மற்றக் கையால் வாயை மூடினார். கண்களைப் பிதுக்கிக் காட்டினார். பிறகு கைகளை எடுத்தார். "ஒரு மூச்சு மிச்சமிருந்திருந்தால்? எங்கள் சட்டம் செத்தவனைக்கூட ஒரு நாள் முழுக்கத் திறந்த முகத்தோடு விட்டுவைக்கச் சொல்கிறது, ஒருவேளை அசைந்துவிடுவானோ என்று. நீங்கள் ஒரு மருத்துவர்கூடப் பார்க்காமல் போத்தலுக்குத் தக்கை அடிப்பதுபோல அடித்திருக்கிறீர்கள். கழுவியும் விட்டீர்கள். இனி இவர் முதலில் செத்தாரா, பஞ்சு முதலில் வந்ததா? நீதவானுக்குச் சொல்லவேண்டியதுதான். திறந்து பார்க்கட்டும். யார் செய்தது இதை?"

"நானில்லை," என்றார் சுவாம்பிள்ளை. அவருடைய இத்தாலியன் அவ்வளவு தெளிவாக ஒருநாளும் ஒலித்ததில்லை. "நான் ரெலிபோனில் நின்றேன். மனைவி. மனைவிதான் பக்கத்தில் இருந்தவர்."

தன்னைக் காட்டி நீண்ட விரலைப் பார்த்து, என்ன சொல்கிறார்கள் என்று விளங்காமலே, றோசமலர் எழுந்து நின்றாள். வகுப்பில் பெயர் கூப்பிட்டதுபோல.

குசினியில் வாளி உருண்டது.

"பஞ்சு நான் வைத்தது," என்று இத்தாலியனில் சொல்லிக்கொண்டு செலஸ்ரீனா வந்தாள். சுவாம்பிள்ளையைக் கடக்கும்போது தமிழில், "தள்ளுங்கோ அண்ணை. காத்து வரட்டும். உங்களுக்குத்தான் இப்ப மூச்சு முட்டுது," என்றாள்.

"நீங்கள் யார்?"

"தாதி. இவர் இறந்துவிட்டார் என்று சொன்னதும் நான்தான். காலையில்."

"எங்கே பதிவு?"

"மன்னாரில்."

டொக்டர் சிரித்தார். கொடுமையான சிரிப்பில்லை. களைத்த சிரிப்பு. அதனால் அது அவளுக்கு இன்னும் மோசமாகக் குத்தியது. "சினோரா, இங்கே முப்பது வருடம் வார்ட்டில் நின்ற தாதிக்கும் அந்த உரிமை கிடையாது. அவள் கண்களை மூடிவிட்டு என்னைக் கூப்பிடுவாள். நான் படியேறி வந்து, அவள் மூடிய கண்களைத் திறந்து பார்த்து, இறந்துவிட்டார் என்பேன். அப்போதுதான் இறப்பார்."

"அவளுக்குத் தெரிந்ததைத்தானே நீங்களும் சொல்கிறீர்கள்? அதற்கு இவ்வளவு படி ஏறவேண்டுமா?"

"வேண்டும். நான் சொன்னது பிழைத்தால் என்னைப் பிடிக்கலாம். என் பெயர் இருக்கிறது, வேலை இருக்கிறது, இரண்டும் போகும். உங்களை எங்கே பிடிப்பது?"

இந்தப் பொடியன் இப்படி ஒரு பதில் வைத்திருப்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. மன்னாரில் அவளை யாரும் பிடிக்க வந்ததில்லை. பிடிப்பதற்கு யார் மிஞ்சியிருந்தார்கள்?

"என்னையும் பிடிக்கலாம்," என்றாள். முழுப்பெயரைச் சொன்னாள். வேலை செய்யும் சினோராவின் பெயரையும், தெருவையும், குவெஸ்தூராவில் கொடுத்த மனுவையும் சொன்னாள். சொல்லச் சொல்ல றம்யாவின் சேலை உடுத்த படம் அவளுடைய கண்ணுக்குள் மெல்ல மெல்லப் பின்னால் போனது, துறைமுகத்தில் நிற்கிறவளுக்குக் கப்பல் போவதுபோல. பின்னால் சுவாம்பிள்ளை, "விசரி," என்று முணுமுணுத்தார். அவளுடைய ஆயுளில் அந்த ஆளிடமிருந்து கிடைத்த ஒரே மரியாதை அது.

டொக்டர் எழுதினார். எழுதிவிட்டுக் கட்டிலருகே போய், ஸ்ரனிஸ்லாஸின் வீங்கிய கணுக்கால்களை அழுத்திப் பார்த்தார். மேசையில் கிடந்த இதய மாத்திரைகளை எடுத்துப் பார்த்தார். நகங்களைப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவருடைய குரல் மாறியிருந்தது.

"இதயம்தான். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நீங்கள் நல்ல தாதியாக இருந்திருக்கவேண்டும். இந்த மனிதனை வெட்டி எனக்கு என்ன கிடைக்கப்போகிறது? ஒரு விஷயம் மட்டும் உங்கள் வாயால் சொல்லுங்கள், நான் கையெழுத்து வைத்துவிட்டுப் போகிறேன். பஞ்சு வைக்கமுதல் நெஞ்சைக் கேட்டீர்களா? எவ்வளவு நேரம் கேட்டீர்கள்?"

வெகுநேரம் கேட்டேன் என்று சொல்லவேண்டும். இத்தாலியனில் அதற்கு இரண்டே சொல்தான். இரண்டும் அவளுடைய நாக்கில் வந்து நின்றன.

அவள் வாசலில் நின்று பார்த்தபோதே சொல்லிவிட்டாள். வாயின் கோணலும் கண்ணின் மங்கலும் போதுமாயிருந்தன. நாடியைப் பிடித்தது றோசமலரின் ஆறுதலுக்காக. நெஞ்சில் காது வைத்தது அதைவிடக் குறைவு. குனிந்தபோதே, ரெலிபோனுக்குக் கீழே இறங்கப்போன சுவாம்பிள்ளை கோட்டைப் பற்றி ஏதோ கேட்டார். 'முதுகை வெட்டுங்கோ எண்டு சொன்னன்தானே' என்று அவரை ஏசிக்கொண்டே நிமிர்ந்துவிட்டாள். காதில் விழுந்தது தன்னுடைய ஏச்சும் கீழே மீன்காரனின் குழறலும்தான். ஆனாலும் அவர் செத்துத்தான் கிடந்தார். அது அவளுக்குத் தெரியும். இந்த ஊரின் டொக்டர்மார் எல்லாரும் வரிசையில் வந்து நின்றாலும் அவர்களைவிடத் தெரியும். ஆனால் எவ்வளவு நேரம் என்று அவளிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. மன்னாரில் நடையில் கிடந்தவர்களுக்காகவும் ஒருவரும் கேட்டதில்லை. கேட்காத சனத்தின் நடுவில் நின்று சொல்வதைத்தான் அவள் இத்தனை வருடமாகத் தன் கெட்டித்தனம் என்று வைத்திருந்தாள். காலை முழுவதும் பெரிய ஆள்மாதிரி மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தவள். சுவாம்பிள்ளையாவது தன் விரல்களை எல்லாருக்கும் தெரிய ஆட்டினார்.

"சினோரா?" என்றார் டொக்டர். பேனா தாளின்மேல் காத்திருந்தது.

அவள் வாய் திறந்தாள். மூடினாள்.

றோசமலருக்கு இத்தாலியன் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் தெரியும். பேச்சு ஒன்றும் அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் டொக்டர் மூக்கைப் பொத்திக் காட்டியதைக் கண்டிருந்தாள். இப்போது செலஸ்ரீனாவின் மூடிய வாயையும் கண்டாள். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் கட்டிலடிக்குப் போனாள். போர்வையை இடுப்புவரை இறக்கினாள். செபமாலை சுற்றிய கைகளைக் கொஞ்சம் கீழே தள்ளினாள். விறைத்திருந்ததால் இரண்டு கையாலும் தள்ளவேண்டியிருந்தது. கோட்டின் பொத்தான்களையும் சேர்ட்டின் பொத்தான்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, அவருடைய நெஞ்சைத் திறந்துவிட்டாள். யன்னலுக்குப் போய் அதைச் சாத்தினாள். மீன்காரனின் குரல் நின்றது.

"செலஸ்ரீனாக்கா," என்றாள். சுவாம்பிள்ளை சொன்னதிலிருந்து அழாமல் வைத்திருந்த கண்கள் காய்ந்து சிவந்திருந்தன. "எனக்குச் சட்டமொண்டும் தெரியாது. இஞ்சை வாங்கோ. இன்னொருக்கால் காதை வைச்சு, வடிவாக் கேட்டிட்டு, எனக்கு மட்டும் சொல்லுங்கோ அக்கா."